நூலுக்கு நின்ற கூட்டம்

"சீமெண்ணெய் வாங்க வரும் ஜனங்கள் இப்போது எவரும் சொல்லாமலே வரிசையில் நிற்கிறார்கள். தடி இல்லை, கயிறு இல்லை, போலீஸ் இல்லை. தாங்கள் வரும் செவ்வாய்க்கிழமை காலை நேரில் வந்து பார்வையிட்டால் மற்ற ஊர்களுக்கும் பயன்படும் என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

தலைப்பில் தாரண வருஷம், மாசி மாதம், வியாழக்கிழமை என்று இருக்கிறது. தேதியின் எண் மேல் எண்ணெய்க் கறை படிந்து எழுத்து கரைந்துவிட்டது. இங்கிலீஷ் கணக்கில் 1945ஆம் வருஷத்தின் தொடக்கம். சப்ளை அதிகாரிக்கு இந்தக் கடிதத்தை எழுதியவன் நான்தான். எதை எழுதினாலும் நகல் எடுத்து வைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இந்த நகலைப் படிக்கும்போதெல்லாம் வாய் புளிக்கிறது. "பணிவுடன்" என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறேன். பணிவெல்லாம் இல்லை. ஒரு கெட்டிக்காரத்தனத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், அது மேலே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்ற அரிப்பு.

ராசிபுரத்திலிருந்து காலை நடையாகப் போய்விடக்கூடிய ஒரு நெசவு ஊரில் அப்போது நான் போர்டு ஸ்கூல் வாத்தியார். யுத்தம் நடந்த சண்டைக் காலம். அரிசி, சர்க்கரை, நூல், சீமெண்ணெய் எல்லாவற்றுக்கும் கார்டு. கார்டு எழுதுகிற வேலையை வாத்தியார்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அதோடு, வாரம் ஒரு நாள் சீமெண்ணெய் ஊற்றும்போது பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்கவும் உத்தரவு. பள்ளிக்கூட மணி அடிக்கும் முன்பு அதை முடித்துவிட்டு ஓட வேண்டும்.

அந்தக் கூட்டத்தை எழுத வேண்டுமென்றால் முதலில் நாற்றத்திலிருந்து தொடங்க வேண்டும். சீமெண்ணெய் நாற்றம் பெரிதல்ல. அதன் கீழே வெற்றிலை எச்சில், குளிக்காத உடம்பு, ஆட்டுப் புழுக்கை, தறி நூலுக்குப் போட்டுத் தெருவில் கொட்டிய பழைய கஞ்சியின் புளித்த வாடை. இடுப்புக் குழந்தை ஒன்றுக்கு இருந்துவிட்டால் சுற்றி நிற்கிற யாரும் காலை நகர்த்த மாட்டார்கள். நகர்ந்தால் இடம் போய்விடும். அதிலேயே நிற்பார்கள். ஒருவர் வெற்றிலை மென்று கீழே துப்புவதற்குக்கூடக் குனிய இடமில்லாமல் முன்னால் நிற்பவர் முதுகிலேயே வழிய விடுவதைப் பார்த்திருக்கிறேன். முதுகுக்காரர் திரும்பித் திட்டினாரே தவிர நகரவில்லை. அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடை, தெருவின் தென்சிறகில், தெற்கு வரிசை வீடுகளின் நடுவே, இருந்தது. அகலமான தெரு. ஆகவே கூட்டம் கிழக்கே இருந்து, மேற்கே இருந்து, எதிரே இருந்து என்று மூன்று பக்கமும் வந்து கடைப் படியில் குவியும். உள்ளே இருக்கிற பீப்பாயில் எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு புட்டி ஊற்றப் போதுமான எண்ணெய் இருந்தது. நானே அளந்து பார்த்துச் சொல்லியிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. நம்பினவர்களும் தள்ளினார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. கடைக்கு முன்னால் மூங்கில் நட்டு வழி கட்டினேன். மூன்றாம் வாரம் மூங்கில்கள் எல்லாம் யார் யார் வீட்டு அடுப்பிலோ எரிந்துவிட்டன. போலீஸ்காரர் ஒருவரை வரவழைத்தேன். அவர் தடியை ஓங்கினதில் முன்னால் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்து ஒரு கிழவரின் கை முறிந்ததுதான் மிச்சம்; போகும்போது இரண்டு புட்டி எண்ணெயும் எடுத்துப் போனார். அப்புறம், கடைசியில் நிற்பவருக்கு முதலில் ஊற்றினால் யாரும் முந்திவர ஆசைப்பட மாட்டார்கள் அல்லவா என்று ஒரு யோசனை தோன்றியது. பத்திரிகைகளும் புத்தகங்களும் அதிகம் படிக்கிறவனுக்குத் தோன்றுகிற யோசனை. "இன்னைக்குக் கடைசி ஆளிலிருந்து" என்று அறிவித்தேன். முன்னால் நின்றவர்கள் சாபம் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினார்கள். அவர்கள் போனதும், புதிதாக முன்னால் ஆகிவிட்டவர்கள் அவர்களுக்கும் பின்னால் ஓடினார்கள். தெருவைச் சுற்றிச் செக்கு மாடு மாதிரி கூட்டம் சுற்றியது. கடைப் படியில் ஒரு ஈ இல்லை. மணி அடிக்கும் வரை ஒரு புட்டிகூட ஊற்றவில்லை.

"வாத்தியாரே, எங்களைக் கிறுகிறுன்னு சுத்த உட்டுட்டீங்களே, தலை சுத்தறதுக்குச் சீமெண்ணெய் குடிக்கிறதுங்களா, தேச்சுக்கறதுங்களா?" என்று ஒரு அம்மாள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது.

கடைக்கு நேர் எதிரே, வடசிறகில், ஒரு நெசவாளர் குடியிருந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். அவரும் மனைவியும் ஒரு தறியும். அதிகம் பேச மாட்டார். பேசினால் சிரிப்பு வராத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பேசுவார். எண்ணெய் பீப்பாய் வழக்கமாகப் புதன்கிழமை வரும். தை மாதத்தில் ஒரு வாரம் ஒரு நாள் முந்தி, செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. அவர் அது தெரியாமல் முந்தின நாளே பாவை, அதாவது தறியில் நீளவாட்டில் ஏற்ற வேண்டிய நூலை, கஞ்சியில் ஊறப் போட்டிருந்தார். விடிந்ததும் தெருவில் மூங்கில் கவைக் கோல்களின் மேல் முப்பது முழத்துக்கு மேல் நீளமாக இழுத்துக் கட்டி, புருசு போட்டு இழை பிரித்து, வெயில் ஏறும் முன் சுருட்டியாக வேண்டும். விட்டால் ஊறின நூல் புளித்துப் போகும். அவர் வெளியே வந்து பார்த்தபோது தெருவில் கூட்டம்.

"வாத்தியாருங்க, இவங்களைக் கொஞ்சம் அக்கட்டால நிக்கச் சொல்லுங்க. பாவு நீட்டோணும்."

"நான் சொன்னா நிக்கிறாங்களா? நாளைக்கு நீட்டுங்க."

"நாளைக்கு நீட்டினா மாட்டுக்குத்தான் வெப்போணும். பர்மிட்டு நூலுங்க."

உள்ளே போனவர் கவைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தன் வீட்டுப் பக்கம் நடுவார் என்று நினைத்தேன். அவர் தெருவைக் கடந்து நேராகக் கடைப் பக்கம் போனார். தென்சிறகு வீடுகளின் சுவருக்கு ஒரு ஆள் நடக்கிற இடம் மட்டும் விட்டு, வரிசையாகக் கவைகளை ஊன்றினார். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. மூங்கிலை முறித்துத் தின்ற கூட்டத்தின் நடுவில் நூலைக் கட்டுகிறார்!

அவர் மனைவி வாசலில் நின்று, "ஏனுங்க, புத்தி கித்தி கெட்டுப்போச்சுங்களா? ஊட்டுப் பக்கம் நீட்டுங்க!" என்று கத்தினாள்.

"ஊட்டுப் பக்கம் நீட்டினா முதுகாலயே தள்ளிப்போடுவாங்க. மூஞ்சிக்கு முன்னால இருந்தாப் பாப்பாங்க."

பாவு இழுத்துக் கட்டியானதும் நடந்ததை அன்று சாயங்காலமே நோட்டில் எழுதினேன். கூட்டம் பின்வாங்கியது. எங்கள் பக்கத்து நெசவு ஊர்களில் நீட்டின பாவை யாரும் தாண்ட மாட்டார்கள். கீழே குனிந்தும் போக மாட்டார்கள். சாவு வந்தால்கூட அடுத்த தெருவழியாகச் சுற்றித்தான் போகும். நாய் வந்தால் ஊரே கல்லெடுக்கும். பக்தி ஒன்றுமில்லை. இன்று அவன் பாவு, நாளைக்கு என் பாவு என்கிற பயம்தான். கடைக்கு எதிரிலிருந்து இனி வர முடியாது. மேற்கு முனையில் நுழைந்து, சுவருக்கும் பாவுக்கும் நடுவே ஒவ்வொருவராக நடந்து, எண்ணெய் வாங்கிக் கிழக்கு முனையில் வெளியே போக வேண்டும். வேறு வழி இல்லை. கத்திக்கொண்டு வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். டின்னை எல்லோரும், யாரும் சொல்லாமல், சுவர்ப் பக்கக் கையில் மாற்றிப் பிடித்தார்கள். எச்சில் துப்புகிறவர்கள் விழுங்கினார்கள்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கும்போதே பீப்பாய் முடிந்தது. எல்லோருக்கும் எண்ணெய் கிடைத்தது.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமையே எண்ணெய் நாளாகிவிட்டது. நான் தெருவில் வீடு வீடாகப் போய் யாருக்கு எந்த வாரம் பாவு இருக்கிறது என்று விசாரித்து ஒரு ஜாபிதா போட்டேன். நான்கு வாரம், நான்கு வீட்டுப் பாவு. நான்கு வாரமும் சண்டை இல்லை. நடுவில் ஒரு தடவை, பாவு இல்லாத வேறு ஒரு கிழமையிலும் பீப்பாய் வந்தது. கடைக்காரர் அதே இடத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டிப் பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் கயிற்றைக் காணோம். ஆகவே நூல்தான் வேண்டும், அதுவும் ஒருவன் பிழைப்பு ஏறியிருக்கிற நூல்தான் வேண்டும் என்று நான் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டேன். அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று அப்போது நான் யோசித்திருந்தால் மேலே காட்டின கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

பதில் சனிக்கிழமையே வந்தது. அதிகாரி செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வருகிறார். ஜாபிதாவைப் பார்த்தேன். அந்தச் செவ்வாய் யாருக்கும் பாவு இல்லை.

எதிர்வீட்டு நெசவாளருக்கு மட்டும் புது பர்மிட்டில் ஒரு கட்டு நூல் வந்திருந்தது. தை மாதப் பாவு நெய்து அறுத்து முடிந்து, தறி காலியாக இருந்தது. அடுத்த பர்மிட் எப்போது என்று யாருக்கும் தெரியாது. முந்தினதற்கும் இதற்கும் நடுவில் அந்த வீட்டில் ஒரு வேளைதான் உலை வைத்தார்கள் என்று தெருவில் பேச்சு. அந்த நூலை அவர் புதன்கிழமை, கூட்டம் இல்லாத நாளில், தன் வீட்டுப் பக்கம் நீட்ட இருந்தார்.

நான் போய்க் கேட்டேன். செவ்வாய்க்கிழமையே, கடைப் பக்கம் நீட்ட வேண்டும் என்று.

 அவர் மனைவிதான் முதலில் பேசினாள். "இது ஒண்ணுதானுங்க சாமி ஊட்டுல இருக்குது. இது போச்சுன்னா தறிக்குழியில கோழி அடைக்க வேண்டியதுதான்."

"நாலு வாரமா ஒரு இழை அறுந்துச்சா? நான் நிக்கிறேன். என் பொறுப்பு" என்றேன்.

"வாத்தியாரு பொறுப்புன்னா சரிதானுங்க" என்றார் அவர். முகத்தில் அந்தச் சிரிக்காத சிரிப்பு. எனக்கு அது அப்போது சம்மதமாகத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை பாவு நீட்டியாகிவிட்டது. கூட்டம் மேற்கு முனையிலிருந்து ஒழுங்காக நின்றது. ஏழு மணிக்கு அதிகாரி வரவில்லை. ஏழரைக்கும் வரவில்லை. அவர் வந்து பார்க்கட்டும் என்று கடைக்காரரை எண்ணெய் ஊற்ற வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருந்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். ஓடிக்கொண்டிருந்த வரிசையை, ஓடுவதைக் காட்டுவதற்காக, நான் நிறுத்தி வைத்தேன். கூட்டத்தில் முணுமுணுப்பு. வெயில் ஏறியது. நெசவாளரும் மனைவியும் பாவு விறைத்துவிடாமல் இரண்டாம் தடவை கஞ்சித் தண்ணீர் தெளித்துப் புருசு போட்டார்கள்.

"போதுமுங்க வாத்தியாரே, சுருட்டிக்கறனுங்க. இழை முறிஞ்சிரும்."

"இன்னும் கொஞ்ச நேரம். இதோ வந்துடுவார்."

கரி வாயுவில் ஓடுகிற கார் ஒன்று புகை கக்கிக்கொண்டு எட்டரைக்கு மேல் வந்தது. அதிகாரி இறங்கினார். ஷூ, தொப்பி, கையில் பிரம்பு. பின்னால் டவாலி போட்ட சேவகன். இருவரும் நின்றது தெருவின் வடபக்கம். பாவுக்கு அந்தப் புறம். நான் கூட்டத்தை விட்டு ஓடிக் கிழக்கு முனையைச் சுற்றி அவரிடம் போனேன்.

"இதுவா? இந்த நூலுக்கா நிற்கிறார்கள்?"

"ஆமாம் சார்."

"ஆச்சரியம்! ரொம்ப ஆச்சரியம்!" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. "கடைக்காரரின் ஸ்டாக் புஸ்தகத்தைப் பார்க்கலாமா?"

"பார்க்கலாம் சார், வாங்க, வாங்க" என்று நான் கிழக்கு முனையைப் பார்த்து நடந்தேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பின்னால் வரவில்லை. சுற்றிப் போக என்ன இருக்கிறது? கடை எதிரிலேயே இருக்கிறது. பிரம்பை இழைகளின் கீழே கொடுத்து, திரைச்சீலையைத் தூக்குகிற மாதிரி மெதுவாகத் தூக்கி, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்து உள்ளே போனார். டவாலியும் குனிந்தான்.

ஒரு இழையும் அறவில்லை. அதுதான் கேடு.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.  அப்புறம் வரிசையின் வால் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "அவரு போனா பாவுக்கு ஒண்ணும் ஆவுலியே. நாம போனா மட்டும் ஆயிருமாக்கும்?"

ஒருத்தி குனிந்தாள். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். பின்னால் எத்தனை பேர் என்று எண்ண முடியவில்லை. நிறுத்தி வைத்திருந்த கூட்டம், வெயிலில் காய்ந்த கூட்டம், மேற்கு முனையிலிருந்து உடைந்து எதிர்ப்பக்கமாக வந்து பாவின் மேல் விழுந்தது. கவைகள் சாய்ந்தன. கடைக்காரர் பயத்தில் ஊற்றத் தொடங்கிவிட்டார். ஊற்றின டின்கள் தலைக்கு மேலே வந்தன. ஒரு டின் கவிழ்ந்தது. இன்னொன்றும். ஈர நூல் கால்களில் சுற்றிக்கொண்டது. சுற்றினதை உதறினார்கள், மிதித்தார்கள், அறுத்தார்கள். யாரோ விழுங்காமல் வைத்திருந்த வெற்றிலைச் சாற்றை அதன் மேலேயே துப்பினார். குழந்தைகளின் மூத்திரம், ஆட்டுப் புழுக்கை, கஞ்சி, சீமெண்ணெய், எல்லாம் கலந்து ஒரு சேறு. அதற்குள் வெள்ளையாக நூல். நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை. அந்தக் கூட்டத்தில் போன மாதம் தங்கள் பாவை நீட்டின நான்கு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். அதில் இருவர் தள்ளினதை என் கண்ணால் பார்த்தேன்.

அதிகாரி கடைக்குள் பத்திரமாக நின்று, "என்ன இது, என்ன இது" என்று டவாலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கூட்டம் எண்ணெயோடு கலைந்தது. நெசவாளர் யாரையும் திட்டவில்லை. ஒரு முனையில் உட்கார்ந்து சேற்றிலிருந்து நூலைக் கையில் சுற்றிச் சுற்றி எடுத்தார். எதற்கு எடுக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அவர் மனைவி என்னைத் தடுத்தாள்.

"வாத்தியாருங்க, அந்தாளு பிரம்பைக் கீழ குடுத்தப்ப நீங்க பாத்தீங்களா இல்லீங்களா?"

"பார்த்தேன்."

"சுத்திப் போங்கன்னு சொல்ல முடியலீங்களா? உங்க வாயில என்னங்க இருந்துச்சு?"

"வாங்க சார்" என்பது இருந்தது. அதைச் சொல்லவில்லை. மணி அடித்தது, பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

அந்த நூலை உவர்மண்ணில் வேக வைத்து, ஆற்றில் அலசி, மூன்று நாள் காய வைத்தார்கள். அறுந்த இழைகளை முடிந்து இரண்டு முழம் நெய்தும் பார்த்தார். அதை என்னிடம் காட்டினார். துணி பழுப்பாக இருந்தது. முகர்ந்தேன். சீமெண்ணெய், அதன் கீழே மற்றதெல்லாம். துணியை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதைக் கட்டிக்கிட்டா மூட்டப்பூச்சி அண்டாதுங்க" என்றார். சிரிக்கவில்லை.

பங்குனி மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் எடப்பாடிப் பக்கம் யார் தறியிலோ கூலிக்கு நெய்யப் போனார்கள். போன நாள் ஞாயிற்றுக்கிழமை. வழியனுப்ப நான் பஸ் ரோடு வரை போகவில்லை. அந்தத் தெருவில் அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமைகளில் யாரும் பாவு நீட்டவில்லை. மற்ற நாளில் நீட்டினாலும் பக்கத்தில் ஒரு ஆள் கம்போடு நிற்க வேண்டியிருந்தது. ஒரு தடவை தாண்டினவர்கள் அடுத்த தடவை யோசிக்கவில்லை. எண்ணெய்க் கூட்டம் பழையபடி குவிந்தது. உத்தரவுப்படி நான் பக்கத்தில் நின்றேன். அந்த நாற்றம் ஏறின கையால் மத்தியானம் சோறு பிசையப் பிடிக்காமல் கரண்டியால் சாப்பிடக் கற்றுக்கொண்டேன். இன்றும் அப்படித்தான்.

ஆவணி மாதம், சண்டை முடிந்த பிறகு, கார்டு வேலையாகச் சப்ளை ஆபீசுக்குப் போனபோது பழைய காகிதக் கட்டு ஒன்றில் அதிகாரியின் அறிக்கை கண்ணில் பட்டது. குமாஸ்தா தெரிந்தவர், உட்கார்ந்து படிக்க விட்டார். பாவு வைத்துக் கூட்டத்தை ஒழுங்கு செய்கிற முறை "பொதுவாகத் திருப்திகரம்" என்றும், "கடைசிக் கட்டத்தில் சிறிது குழப்பம்" என்றும் எழுதியிருந்தது. அதன் கீழே, சேதமான நூலுக்குப் பதிலாக ஒரு கட்டு நூல் உரியவருக்கு வழங்கப்பட்டது என்று ஒரு வரி. ஒரு ரசீதும் ஒட்டியிருந்தது. தேதி பார்த்திப வருஷம் சித்திரை மாதத்தில் விழுகிறது. அவர்கள் பங்குனியிலேயே போய்விட்டார்கள்.

ரசீதில் கையெழுத்து இல்லை. கட்டை விரல் ரேகை இருந்தது. நெசவாளர் கையெழுத்துப் போடுவார். கார்டு எழுதின அன்று அவர் எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மனைவிக்கு எழுதத் தெரியாது. அவள் ரேகை வைப்பாள். சித்திரையில் அவள் மட்டும் ஒரு நாள் வந்து, வீட்டில் விட்டுப்போன உரலை எடுத்துப் போனதாகத் தெருவில் ஒருவர் சொன்னார். வரவே இல்லை என்று அடுத்த வீட்டுக்காரர் சொன்னார். எடப்பாடிக்கு இரண்டு கடிதம் போட்டேன். நகல்கள் இருக்கின்றன, பதில் இல்லை.

அந்த ஒரு கட்டு நூல் அவள் கைக்குப் போனதா, வேறு யார் விரலோ அந்த ரசீதில் இருக்கிறதா என்பதை இன்று வரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.